சிவப்பு டான்ஸி வீடு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
3 செப்டம்பர் 1978

டெர்ரிமோரில் இருக்கும் டான்ஸி வீட்டாருக்கு,

இந்தக் கடிதம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறதோ அவர் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வரப்போவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது.

என் பெயர் லோரெட்டா ஹேக். பிறந்த வீட்டுப் பெயர் டான்ஸி. வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்ந்தவள். கணவர் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். ஒரே மகள் கலிஃபோர்னியாவில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

என் அப்பா மார்ட்டின் டான்ஸி ராஸ்காமன் மாவட்டத்து டெர்ரிமோரில் பிறந்தவர். ஏழெட்டு வயதில் தன் அப்பா மலாக்கி, அம்மா கேத்தரினோடு கப்பலேறி இங்கே வந்தார். ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். வீட்டுக்குப் பின்னால் கல்படி இறங்கும் ஓர் ஊற்று, முன்னால் மேற்கே சாய்ந்த வயல், இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிறந்தநாள் தெரியாது. என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதெல்லாம், "எனக்குந்தான் எங்கேயாவது ஒரு நாள் இருக்கும்" என்பார். தெரியாமலேயே 1951-ல் இறந்துபோனார்.

கோயில் பதிவேட்டில் அந்த நாள் இருக்குமா? யாராவது பார்த்துச் சொன்னால் நன்றியோடு இருப்பேன். பதில் தபாலுக்கான கூப்பன் உள்ளே வைத்திருக்கிறேன்.

தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு,
லோரெட்டா ஹேக்


டெர்ரிமோர்
24 செப்டம்பர் 1978

மதிப்புக்குரிய திருமதி ஹேக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் என் பன்னிரண்டு பசுக்களும் நாயும் சௌக்கியம். உங்கள் முழங்காலை இங்கே கொண்டுவந்தால் ஓயாமல் வேலை இருக்கும்.

எனக்குக் கடிதம் என்றால் பால் சொசைட்டியிலிருந்து வரும், இல்லாவிட்டால் வரி ஆபீசிலிருந்து வரும். தபால்காரர் லாலி அமெரிக்க ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு வாசலை விட்டு நகரவில்லை.

"அமெரிக்காவுல யாருய்யா உனக்கு?"

"பிரிச்சாத்தானே தெரியும்."

"அப்போ பிரி. நான் நிக்கிறேன்."

வேறு வழியில்லாமல் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் கார்மாக் டான்ஸி. ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இரண்டு வருடம் முன்பு காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். தம்பி பர்மிங்ஹாமில். அவன் கடிதம் எழுதுகிற ரகம் இல்லை. நீங்கள் சொன்ன ஊற்றும் கல்படியும் என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. வயலும் மேற்கே சாய்ந்ததுதான். ஊரில் இதைச் சிவப்பு வீடு என்பார்கள். சுவரெல்லாம் வெள்ளை. ஏன் சிவப்பு என்று சின்ன வயதில் கேட்டபோது என் அப்பா, "போய் மாட்டப் பாரு" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பதிவேடுகள் பங்குச் சாமியார் வீட்டில் இருக்கின்றன. கேட்டுப் பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
கார்மாக் டான்ஸி


டெர்ரிமோர்
15 அக்டோபர் 1978

அன்புள்ள லோரெட்டா அக்காவுக்கு,

'திருமதி ஹேக்' எங்கே போனார் என்று பார்க்கிறீர்களா? கடைசி வரை படியுங்கள். நான் சுகம். நீங்களும் உட்கார்ந்து படிக்கிற நிலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஃபாதர் டர்கன் சரி என்றுவிட்டார். ஆனால் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் பெர்ன் அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார். எழுபத்தாறு வயது. நாக்குக்கு இருபது.

"கையக் காட்டு. இந்தக் கையோடவா நூறு வருசத்துப் புத்தகத்தத் தொடப் போற? போ, சோப்புப் போட்டுக் கழுவு."

இரண்டு தரம் கழுவ வைத்தார். பிறகு சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்தார். எல்லாம் லத்தீன். அந்தக் காலத்துச் சாமியாரின் கையெழுத்து, கோழி கீறினது போல. மூன்று புதன்கிழமை உட்கார்ந்தேன். மூன்றாவது புதன் அகப்பட்டார்.

மார்ட்டின். அப்பா மலாக்கி டான்ஸி, அம்மா கேத்தரின். ஊர் டெர்ரிமோர். பிறந்தது 1876 நவம்பர் 11. புனித மார்ட்டின் திருநாளன்று பிறந்ததால் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அக்கா, உங்கள் அப்பாவுக்குப் பிறந்தநாள் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு ஞானத்தகப்பன் யார் தெரியுமா? தாமஸ் டான்ஸி. அவர் என் தாத்தா! ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஒரே வீடு. மலாக்கியும் தாமஸும் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நாம் பங்காளிகள். மிஸ் பெர்னிடம் சொன்னேன். அவர் சட்டென்று பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் ஏதோ தீய்ந்துவிட்டது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
கார்மாக்


வூஸ்டர்
28 அக்டோபர் 1978

என் அன்புத் தம்பி கார்மாக்குக்கு,

உன்னை நீ என்றே எழுதுகிறேன். அறுபத்து நான்கு வயதில் ஒரு தம்பி கிடைத்தால் மரியாதை பார்க்க முடியுமா? நலமாக இரு. குளிரில் மார்பை மூடிக்கொள்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடியே அழுதேன். அடுப்பில் சூப் இருந்தது, அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. பதினொன்றாம் தேதி கேக் செய்யப்போகிறேன். சாப்பிட யாரும் இல்லை, ஆனாலும் செய்வேன்.

ஞானத்தகப்பன் என்றதும் ஞாபகம் வந்தது. அப்பா எப்போதாவது 'பெரிய டாம்' என்று ஒருவரைச் சொல்வார். தன்னைத் தோளில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனவர், விரலை வாயில் வைத்துச் சீட்டியடிக்கக் கற்றுக்கொடுத்தவர். டாம் என்பது தாமஸின் சுருக்கம்தானே, அது உன் தாத்தாவேதான்.

ஒரு உதவி. பழைய நில வரிப் புத்தகங்கள் டப்ளினில் இருக்கின்றன, எந்த வயல் யார் பெயரில் இருந்தது என்று வருடா வருடம் எழுதியிருக்கும் என்று இங்கே நூலகத்தில் ஒருவர் சொன்னார். மலாக்கிக்கும் தாமஸுக்கும் அப்பா யார் என்று அதில் தெரியுமாம். நேரம் கிடைத்தால் போய்ப் பார்க்கிறாயா? அவசரமில்லை. ஆனால் எனக்கு அவசரம்.

பாசத்துடன்,
உன் அக்கா லோரெட்டா


டெர்ரிமோர்
26 நவம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

டப்ளின் போய்வந்தேன். ரயிலில் நல்ல கூட்டம். புத்தகங்கள் பெரிது பெரிதாக இருக்கின்றன, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை போக வேண்டியிருக்கலாம்.

இங்கே இரண்டு வாரமாக விடாத மழை. ஆற்றோர வயல் முழுகிவிட்டது. ஒரு பசு கால் நொண்டுகிறது.

நீங்கள் கேக் செய்தீர்களா?

கார்மாக்


வூஸ்டர்
10 டிசம்பர் 1978

என் அன்புத் தம்பிக்கு,

பசுவின் கால் எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்தேன். நான் நலம்.

கேக் செய்தேன். எலுமிச்சைத் தோல் போட்டது. கீழ் வீட்டு அம்மாளுக்குப் பாதி கொடுத்தேன். "யாருக்குப் பிறந்தநாள்?" என்றாள். "எங்கப்பாவுக்கு, நூத்தி ரெண்டு" என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தாள், கிழவரை எங்கே வைத்திருக்கிறேன் என்று.

இப்போது ஒரு பெரிய செய்தி. ஜூன் மாதத்துக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டேன்! மகளிடம் சொன்னேன். "அம்மா, முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கா போறே?" என்கிறாள். அவன் முன்பின் தெரியாதவன் இல்லை, என் அப்பா பிறந்த வீட்டில் இருக்கிற என் தம்பி என்று சொன்னேன். அப்பா பிறந்த அறையில் ஒரு ராத்திரி படுத்தால் போதும் எனக்கு.

என் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். 1938-ல் கல்யாணத்தன்று எடுத்தது. அதற்குப் பிறகு எடுத்தவை எனக்குப் பிடிக்கவில்லை.

வரிப் புத்தகத்தில் ஒன்றுமே அகப்படவில்லையா? கொஞ்சமாவது சொல்.

அன்புடன்,
அக்கா


டெர்ரிமோர்
31 டிசம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லதாகப் பிறக்கட்டும். பசு தேறிவிட்டது. நானும்தான்.

படம் கிடைத்தது. அலமாரியில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் மேல்புற அறையைக் காலிசெய்து சுண்ணாம்பு அடித்தேன். அங்கேதான் அம்மா கடைசி ஐந்து மாதம் படுத்திருந்தார். சாயங்காலம் பால் கறந்துவிட்டு வந்து அவருக்குச் செய்தித்தாள் வாசிப்பேன். காது கேட்காது. ஆனாலும் வாசிப்பேன், அவரும் தலையாட்டுவார். அவர் போன பிறகும் கொஞ்ச நாள் சத்தமாகவே வாசித்தேன். பிறகு நாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைக் கவனித்து நிறுத்திவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பூசை முடிந்து வந்தபின் யாரும் வரவில்லை. இந்த வீட்டுக்கு எப்போதும் யாரும் வருவதில்லை. சாவுக்கு வருவார்கள், ஒரு செபம் சொல்வார்கள், டீ குடிக்காமல் போய்விடுவார்கள். நாங்கள் கொஞ்சம் ஒதுங்கின ஆட்கள் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் கடிதம் வரும் நாட்களில் லாலிகூட உள்ளே வந்து உட்காருகிறார்.

மலாக்கியும் தாமஸும் அண்ணன் தம்பி என்றுதான் புத்தகத்திலிருந்து தெரிகிறது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஜூனை எதிர்பார்த்துக்கொண்டு,
தம்பி கார்மாக்


டெர்ரிமோர்
11 பிப்ரவரி 1979

திருமதி ஹேக் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பழையபடி ஏன் இப்படி அழைக்கிறேன் என்பது கீழே வரும்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். அதற்கு முந்தையதில் உண்மையை மறைத்தேன். சுண்ணாம்பு அடித்த அறையைத் தினமும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இனிமேல் முடியாது.

நவம்பரில் டப்ளினில் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 1857-ம் வருட மதிப்பீட்டில் டெர்ரிமோரில் இரண்டு டான்ஸி குடும்பங்கள் இருந்தன. ஒரே பெயர் என்பதால் வரிக்காரர்கள் பக்கத்தில் பட்டப்பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று 'டான்ஸி, சிவப்பு'. தலைமுடி சிவப்பாக இருந்திருக்கும். வீடு, ஊற்று, பதினான்கு ஏக்கர், எல்லாம் ஜமீனிடமிருந்து அவர்கள் பெயரில் குத்தகைக்கு இருந்தது. மற்றது 'டான்ஸி, நெசவு'. அவர்களுக்கு ஒரு குடிசையும் காய்கறிப் பாத்தியும்தான். ஊரில் இன்றைக்கும் என்னை நெசவுக்கார கார்மாக் என்பார்கள். நான் தறியைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆள் மாறும்போது பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே புதுப் பெயரை எழுதி வருடம் போடுவார்கள். உங்கள் தாத்தா மலாக்கியின் பெயர் 1884-ல் அடிக்கப்பட்டிருக்கிறது. மேலே எழுதியிருக்கும் பெயர் தாமஸ் டான்ஸி.

பதிவேட்டை மறுபடி போய்ப் பார்த்தேன். மலாக்கிக்கும் தாமஸுக்கும் அப்பாவும் வேறு, தாத்தாவும் வேறு. அண்ணன் தம்பி இல்லை. நமக்குள் ஒரு சொட்டு இரத்தமும் பொது இல்லை.

மிஸ் பெர்னிடம் கேட்டேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஊருக்கே தெரியும் கார்மாக். உனக்கு யாரு சொல்லுவா? உன் வீட்டுலதான் யாரும் பேசுறதில்லையே."

பிறகு அவரே சொன்னார். அந்த வருடங்களில் ஊர் மொத்தமும் குத்தகை விஷயத்தில் ஜமீன்தாரை எதிர்த்து நின்றது. மலாக்கியைப் போலீஸ் வைத்து வெளியேற்றினார்கள். காலியான நிலத்தை யாரும் தொடக்கூடாது, தொடாவிட்டால் ஜமீன் இறங்கிவந்து அவரைத் திரும்பக் கூப்பிடும் என்று ஊரே சத்தியம் செய்திருந்தது. மலாக்கி ஐந்து வாரம் கோயில் கொட்டகையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு காத்திருந்தார். ஆறாவது வாரம் தாமஸ் போய் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். தான் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் பிடித்த பிள்ளையின் வீடு. அதன் பிறகுதான் உங்கள் குடும்பம் கப்பலேறியது.

"பதினோரு வருசம் உங்க தாத்தாகிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசல. கோயில்ல பக்கத்துல உக்காரமாட்டாங்க. கடையில சாமான் கிடையாது. அப்புறம் பழகிப்போச்சு. ஏன்னு மறந்துட்டாங்க, போகாம இருக்கிறது மட்டும் மறக்கல."

நாங்கள் ஒதுங்கின ஆட்கள் இல்லை. எங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்றால், 'தம்பி' என்று என்னை யாரும் அழைத்ததில்லை. வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கோபம் நியாயமானதுதான்.

கார்மாக் டான்ஸி


வூஸ்டர்
4 மார்ச் 1979

திரு டான்ஸி,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

1884-ல் நீங்கள் பிறக்கவில்லை. உங்கள் தாத்தா செய்ததற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1978 நவம்பரில் நீங்கள் இருந்தீர்கள். அந்த மாதம் நான் என் அப்பாவுக்குக் கேக் செய்துகொண்டு, உங்களையும் நினைத்து ஒரு துண்டு எடுத்துவைத்தேன்.

'பெரிய டாம்' பற்றி நான் எழுதினதைப் படித்துவிட்டுத்தானே டப்ளின் போனீர்கள்? அப்பா ஏன் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. தன்னைத் தோளில் தூக்கின மனிதரைப் பற்றி அவர் என்னவென்று சொல்லியிருப்பார்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

லோரெட்டா ஹேக்

(உறை மீது தபால் நிலைய முத்திரை: அயர்லாந்தில் தபால் வேலைநிறுத்தம். அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.)


டெர்ரிமோர்
29 ஏப்ரல் 1979

திருமதி ஹேக் அவர்களுக்கு,

இதை அனுப்ப வழியில்லை. பத்து வாரமாகத் தபால் ஓடவில்லை. எழுதி மேசை இழுப்பறையில் வைக்கிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

என் கடிதம் உங்களுக்கு வந்ததா, வந்து கோபத்தில் கிழித்துப்போட்டீர்களா, பதில் எழுதி அது எங்கோ மூட்டையில் கிடக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. காலையில் நாய் குரைத்தால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். லாலிதான் வருகிறார். வேலைநிறுத்தத்தில் சும்மா இருக்க முடியாமல் எனக்குச் சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் மண்கட்டி வெட்ட ஒத்தாசை செய்கிறார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்யா," என்றார் நேற்று. "தபால் இல்லாத வரைக்கும் கெட்ட சேதியும் இல்ல."

"நல்ல சேதியும் இல்லையே."

"உனக்கு எப்போய்யா நல்ல சேதி வந்திருக்கு?" என்று சிரித்தார். பிறகு ஏன் சிரித்தோம் என்று அவருக்கே ஆகிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பாதி எழுதும்போதே இதை யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிகிறது. அம்மாவுக்குச் செய்தித்தாள் வாசித்த மாதிரிதான்.

கார்மாக்


வூஸ்டர்
9 ஜூலை 1979

அன்புள்ள கார்மாக் அவர்களுக்கு,

தபால் திறந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். உடம்பு எப்படி இருக்கிறது? நான் களைத்திருக்கிறேன், மற்றபடி நலம். மார்ச்சில் எழுதித் திரும்பி வந்த கடிதத்தை உறை பிரிக்காமல் இதோடு வைக்கிறேன். அதையும் படியுங்கள். எழுதினது எழுதினதுதான்.

ஜூன் 14-ம் தேதி வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், உங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு. கையில் குடை. நீங்கள் வாளியோடு தொழுவத்திலிருந்து வந்தீர்கள்.

"வழி தப்பிட்டீங்களாம்மா?"

"சும்மா பாத்துக்கிட்டிருக்கேன். அழகா இருக்கு."

"மழை இல்லாதப்போ அழகுதான். வருசத்துல நாலு நாள்." பிறகு என் பேச்சைக் கவனித்துவிட்டுக் கேட்டீர்கள். "அமெரிக்காவா?"

"கனடா" என்றேன்.

சீட்டை ரத்துசெய்ய மனம் வரவில்லை. உங்கள் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன். விமானத்தில் அந்த நாலு வார்த்தையையும் மனப்பாடம் செய்தேன். வாய் திறந்தால் கனடா என்று வருகிறது.

நீங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள். "எனக்கு அமெரிக்காவுல ஒரு அக்கா இருந்தாங்க" என்றீர்கள்.

"இறந்துட்டாங்களா?"

"இல்லம்மா. நல்லா இருப்பாங்க. நான்தான் கெடுத்துக்கிட்டேன்." பிறகு, "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன், காலையில ரொட்டி சுட்டேன்" என்றீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் ரோட்டுத் திருப்பத்தில் கல்மீது உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்காமல் போனவர்களில் நானும் ஒருத்தியாகிவிட்டேன்.

கார்மாக், பொய் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்ட பிறகு அதைத் திருப்பி எடுக்க இரண்டு மணி நேரம் போதவில்லை, மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நீங்கள் மூன்று மாதத்தில் எடுத்தீர்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

நிலத்தைப் பற்றி ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாம் மாடியில் இருக்கிற கிழவி நான், பதினான்கு ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? என் ஆட்களின் பெயரை ஒருவர் சிவப்பு மையால் அடித்தார், அதன் பிறகு அந்த ஊரில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

அக்கா என்று கையெழுத்துப் போட வரவில்லை. அப்படி நான் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் வரவில்லை.

லோரெட்டா


டெர்ரிமோர்
19 ஆகஸ்ட் 1979

அன்புள்ள லோரெட்டா அவர்களுக்கு,

உங்கள் களைப்புத் தீர்ந்திருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சாம்பல் நிறக் கோட்டைப் பார்த்தபோது ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கனடா என்றீர்கள், நம்பிக்கொண்டேன். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இன்றைக்குக் கல்லறை ஞாயிறு. வருடத்துக்கு ஒருமுறை ஊர் மொத்தமும் கல்லறையில் கூடும், சாமியார் குடும்பம் குடும்பமாக இறந்தவர்கள் பெயரை வாசிப்பார். பத்து நாள் முன்பு, பதிவேட்டிலிருந்து எடுத்த ஐந்து பெயர்களை ஒரு தாளில் எழுதி ஃபாதர் டர்கனிடம் கொடுத்தேன்.

"இவங்க யாரும் இங்க புதைக்கப்படலையே கார்மாக்."

"தெரியும் ஃபாதர்."

"நூறு வருசமாச்சு. எல்லாரும் செத்தாச்சு. எதுக்கு இப்போ கிளறுறே? உனக்குத்தான் அசிங்கம்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மிஸ் பெர்ன் குரல் வந்தது. "வாசிங்க ஃபாதர். அவன் வீட்டு அசிங்கம், அவன் இஷ்டம்."

நல்ல வெயில். நானூறு பேர் இருப்பார்கள். சாமியார் அகரவரிசையில் வாசித்துக்கொண்டே வந்தார். டான்ஸி என்றதும் நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வாசித்தார். "சிவப்பு டான்ஸி குடும்பம், டெர்ரிமோர். மலாக்கி. அவர் மனைவி கேத்தரின். பிள்ளைகள் மார்ட்டின், ஆனி, ஜேம்ஸ். இவர்களுக்காக மன்றாடுவோம்."

வயதானவர்கள் தரையைப் பார்த்தார்கள். சின்னவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற லாலி திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். "யாருய்யா இவங்க?"

நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "நான் இருக்கிற வீட்டுக்காரங்க. எங்க தாத்தா அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாரு."

செபம் முடிந்தபின் இரண்டு பேர் என்னோடு பேசாமல் போனார்கள். ஒருவர் கைகொடுத்தார். இன்னொருவர் சுவர் ஓரமாக என்னை இழுத்துக்கொண்டுபோய், டப்ளினில் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவார்களா என்று விசாரித்தார். காட்டுவார்கள் என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கீழ்த்தெருவில் அவர் வீட்டுக்கும் ஏதோ ஒரு நிறத்தில் பெயர் இருக்கிறது.

அதன் பிறகு தனியாகத்தான் நடந்து வந்தேன். வாசலில் நின்றபோது உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. பிறந்ததிலிருந்து நுழைகிற கதவு. தட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், சிரிக்காதீர்கள். பிறகு திறந்துகொண்டு போய் அடுப்பை மூட்டினேன். மேல்புற அறைக் கதவையும் திறந்து வைத்தேன், காற்று வரட்டும் என்று. அங்கே நின்று மலாக்கி, கேத்தரின், மார்ட்டின், ஆனி, ஜேம்ஸ் என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காலி அறை, நன்றாக எதிரொலித்தது.

உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன். இப்போது பால் கறக்கப் போக வேண்டும், பசுக்கள் கத்துகின்றன.

தாமஸ் டான்ஸியின் பேரன்,
கார்மாக்